லாபப் பெட்டிக்கு ஒரு வெற்று வரி

1

“முதல் வரி வெற்று. கடைசி வரி இருமுறை. ஆபரேட்டர் கவனக்குறைவு. நிரலில் பிழை இல்லை.”

இது ஒரு சர்வீஸ் ரிப்போர்ட்டின் மஞ்சள் நகல். தேதி 27.10.2005, வியாழக்கிழமை. இடம், திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியின் பேக்கிங் பகுதி. எழுதிக் கையெழுத்திட்டவன் நான். வெள்ளைத் தாள் கம்பெனிக்குப் போனது. கார்பன் வழியாக இறங்கிய இந்த மஞ்சள் தாள் எங்கள் மென்பொருள் அலுவலகத்தின் கோப்பில் இருந்திருக்க வேண்டும். 2006 ஆகஸ்டில் நெதர்லாந்துக்குக் கிளம்பியபோது சான்றிதழ்களோடு இதையும் எடுத்துவந்துவிட்டேன்.

அந்த நான்கு வாக்கியங்களில் முதல் இரண்டும் உண்மை. மற்ற இரண்டும் பொய். மூன்று வருடமாக அலமாரியில் கிடந்த தாளை இப்போது வெளியே எடுக்க வைத்தது ஒரு காபிக் கோப்பை.

இந்த வருடம் ஆகஸ்ட் 11ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, நான் இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருடம் நிறைந்தது. இங்கே யாருக்குக் கொண்டாட்டமோ அவரேதான் கேக் வாங்கிவர வேண்டும், வாங்கிப் போனேன். பதிலுக்குச் சக ஊழியர்கள் ஒரு கோப்பையைப் பரிசளித்தார்கள். அதில் அச்சிடப்பட்டிருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: பிழை நாற்காலிக்கும் கீபோர்டுக்கும் நடுவில் இருக்கிறது.

மென்பொருள் வேலையில் இல்லாதவர்களுக்காக விளக்குகிறேன். நாற்காலிக்கும் கீபோர்டுக்கும் நடுவில் இருப்பது மனிதர். கணினியில் என்ன கோளாறு என்று பயன்படுத்துபவர் கேட்டால், கோளாறே நீதான் என்று அவருக்குப் புரியாதபடி சொல்லிக்கொள்ள எங்கள் தொழிலில் வைத்திருக்கும் வாசகம் இது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அதைக் கழுவி வைக்கும்போதுதான் அந்த ரிப்போர்ட்டில் வரும் ஆபரேட்டர் அருள்மேரியின் முகம் நினைவுக்கு வந்தது. எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. இதை எழுதுவது அதனால்தான்.

2

எங்கள் தொழிலில் இப்படிப்பட்ட விதிகள் ஏராளம். இங்கே காபி மெஷினுக்கு மேலே ஒரு பெரிய தாளில் அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். ஓடுகிற நிரலைத் தொடாதே. வெள்ளிக்கிழமை புதிய பதிப்பை வெளியிடாதே. தாமதமான வேலைக்கு மேலும் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும். உள்ளே வாங்கும்போது தாராளமாக இரு, வெளியே கொடுக்கும்போது கறாராக இரு. கீழே சிறிய எழுத்தில், கேலிக்காக ஒன்று: என் கணினியில் சரியாகத்தான் ஓடுகிறது.

இவற்றில் பலவற்றை நான் முதலில் கேட்டது ஐரோப்பாவில் அல்ல. 2003இல், திருப்பூரில், தையல் ஊசியும் மெஷின் ஆயிலும் விற்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஐந்து பேர் கொண்ட அலுவலகத்தில். உரிமையாளர் சந்திரசேகர் இணையத்தில் படித்ததையெல்லாம் அச்செடுத்துச் சுவரில் ஒட்டுவார். “தம்பி, இதையெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கங்க. அமெரிக்காக்காரன் அம்பது வருசம் அடிபட்டுக் கண்டுபிடிச்சது, நமக்குச் சும்மா கெடைக்குதுங்க” என்பார். நான் நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்வேன். தேதி போட்டு எழுதுவது எனக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பழக்கம்.

அந்த விதிகளில் எதுவும் பொய் இல்லை. என் ஆத்திரம் அவற்றின் மீது அல்ல. அவை யார் கையில் இருக்கின்றன, யாருக்கு எதிராகத் திரும்புகின்றன என்பதன் மீது. நிரல் எழுதுபவனைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் ஒரு விதி கிடைத்துவிடும். அவனைத் தடுக்க வேண்டிய நேரத்தில் அதே சுவரில் இருக்கும் இன்னொரு விதி யார் கண்ணிலும் படாது.

3

வேலம்பாளையம் கம்பெனியின் முதலாளி தங்கவேல். நிலம் வைத்திருந்த குடும்பம். கிணற்றில் தண்ணீர் போன பிறகு மோட்டார் கொட்டகை இருந்த இடத்தில் நான்கு தையல் மெஷின் போட்டு ஆரம்பித்து, ஏற்றுமதிவரை வந்தவர். 2005 தொடக்கத்தில் அவருக்காகப் பேக்கிங் நிரல் எழுதினோம். ஒவ்வொரு அட்டைப்பெட்டியிலும் என்ன அளவு, என்ன நிறம், எத்தனை பனியன் என்று ஆபரேட்டர் ஒரு பெட்டிக்கு ஒரு வரியாக அடிக்க வேண்டும். வரிசை எண்ணோடு ஸ்டிக்கர் அச்சாகி வரும். பெட்டியில் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதானுக்கு நாங்கள் இரண்டு மாதம் தாமதம் செய்தோம். தங்கவேல் நேராக மாடிக்கே வந்துவிட்டார். “ஆள் பத்தலீன்னா சொல்லுங்க தம்பி. நம்ம தையல் செக்சன்ல கம்ப்யூட்டர் படிச்ச பசங்க பத்துப் பேர் இருக்கறாங்க. நாளைக்குக் காலைல வேன்ல அனுப்பறேன். ஒருத்தன் ஒரு ஸ்க்ரீன், ஒருத்தன் ஒரு பட்டன், ஆளுக்கொண்ணு தெச்சுப் போட்டா முடிஞ்சுது.”

இங்கே வந்த புதிதில் இந்தக் கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்திருக்கிறேன். இப்போது வெட்கமாக இருக்கிறது. அவர் தொழிலில் அவர் சொன்னது சரிதான். லோடு தாமதமானால் பத்துத் தையல்காரர்களைக் கூட்டிவந்தால் லோடு போய்விடும். எங்கள் வேலை வேறு மாதிரி என்று அவருக்கு யாரும் பொறுமையாகச் சொல்லவில்லை. சுவரில் ஒட்டியிருந்த விதியைக் காட்டிச் சிரித்தோம். ஆனால் அவர் எங்களை விட்டு வேறு ஆளிடம் போகவில்லை. காத்திருந்தார்.

ஆபரேட்டர் அருள்மேரி. சாத்தான்குளம் பக்கம் ஒரு கிராமம். அக்காவோடு திருப்பூர் வந்து செக்கிங்கில் நூல் வெட்டிக்கொண்டிருந்தவர். பன்னிரண்டாம் வகுப்பும் டைப்ரைட்டிங் லோயரும் முடித்திருந்ததால் கணினி முன் உட்காரவைத்தார்கள். வயது இருபத்திரண்டு இருக்கலாம். நான் பயிற்சி கொடுத்த இரண்டாவது நாளே ஒரு கேள்வி கேட்டார்.

“சார், நம்பர ரெண்டுல இருந்து ஆரம்பிக்க வைக்க முடியாதா?”

“ஏனுங்க?”

“இங்க மொதப் பெட்டிக்கு நம்பர் கெடையாதுல்லா. மொதலாளி லாபம்னு எழுதிருதாவ.”

களத்தில் தானியம் அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணுவார்கள். தங்கவேல் அந்தப் பழக்கத்தைப் பெட்டிக்குக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு லோடிலும் முதல் பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, ஸ்டிக்கர் ஒட்டும் இடத்தில் மார்க்கரால் “லாபம்” என்று எழுதி, உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் தன் கையால் ஆங்கிலத்தில் எழுதுவார். அதன் மேல் எதையும் ஒட்டக்கூடாது. அடுத்த பெட்டி இரண்டு. கையால் எழுதிய காலத்தில் இதில் ஒரு குழப்பமும் இருந்ததில்லை.

எங்கள் வீட்டுக் களத்திலும் அப்படித்தான் எண்ணினார்கள். தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து வந்த பெண் அதைக் கவனித்திருக்கிறார். திருப்பூரை ஒட்டிய முதலிபாளையத்தில் பிறந்து வளர்ந்த நான் கவனிக்கவில்லை.

“கம்ப்யூட்டருக்கு லாபமும் தெரியாது நட்டமும் தெரியாதுங்க. ஒண்ணுல இருந்துதான் எண்ணும்” என்றேன்.

“மொதலாளிக்கு ஒண்ணு தெரியாது, கம்ப்யூட்டருக்கு லாபம் தெரியாது. நடுவுல நான் என்ன செய்யதுக்கு சார்?”

“அது உங்க பாடுங்க” என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

அவர் தன் பாட்டைப் பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு லோடுக்கும் முதல் வரியை வெற்றாக விட்டார். முதல் ஸ்டிக்கர் வெறும் தாளாக வந்தது. ஸ்டிக்கர் ஒட்டும் பூங்கொடி அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, இரண்டாம் ஸ்டிக்கரை இரண்டாம் பெட்டியில் ஒட்டினார். எல்லாம் சரியாக நடந்தது. ஆகஸ்ட்வரை ஐந்து லோடு போனது. இதை நான் யாரிடமும் கேட்கவில்லை. எனக்கு யாரும் சொல்லவும் இல்லை.

4

2005 செப்டம்பர் 9, வெள்ளிக்கிழமை. நிரலின் புதிய பதிப்பை நிறுவிய நாள்.

வெள்ளிக்கிழமை வெளியிடாதே என்ற விதி சந்திரசேகரின் சுவரில்தான் இருந்தது. தங்கவேல் போனில் சொன்னார்: “வளர்பிறை வெள்ளிங்க, முகூர்த்த நாளு. இதுக்கு மேல என்ன வேணுமுங்க?” சந்திரசேகர் உடனே, “திருப்பூர்ல சனிக்கிழமையும் வேலதானுங்களே, அந்த ரூல் நமக்கில்லீங்க தம்பி” என்றார். கணினிக்குச் சந்தனம் வைத்து, மானிட்டருக்கு மாலை போட்டு, கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஆரம்பித்தோம். பேக்கிங் பெண்கள் எல்லோருக்கும் பொரியும் கடலையும் கொடுத்தார்கள். அருள்மேரி கையில் பொரியோடு ஓரமாக நின்றதை என் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

புதிய பதிப்பில் நான் செய்த மாற்றங்களில் ஒன்று: வெற்று வரி வந்தால் அச்சுக்குப் போகும் முன் தானாக நீக்கப்படும். தாராளமாக வாங்கு, கறாராகக் கொடு என்ற விதியின்படி எழுதினேன். பழைய பதிவுகளைப் புரட்டியபோது ஐந்து லோடிலும் முதல் வரி வெற்றாக இருப்பதைப் பார்த்திருந்தேன். ஆபரேட்டரின் அலட்சியம் என்று முடிவுகட்டிவிட்டேன். ஐந்து முறையும் அதே இடத்தில், ஒரு முறைகூடத் தவறாமல் வருவதற்குப் பெயர் அலட்சியமா? அந்தப் பெண் பத்தடி தூரத்தில் நின்றார். “இது ஏனுங்க வெறுசா இருக்குது?” என்று கேட்க அரை நிமிடம் போதும். கேட்கவில்லை. மாற்றங்களின் பட்டியலை ஆங்கிலத்தில் அடித்து முதலாளி மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 15, வியாழக்கிழமை, அந்த ஆர்டரின் கடைசி லோடு. மதியம் அருள்மேரி போன் செய்தார்.

“சார், கடைசிப் பெட்டிக்கு ஸ்டிக்கர் வரல.”

“கடைசி வரிய இன்னொருக்கா அடிச்சுப் பிரிண்ட் குடுங்க, வந்துரும்.”

“வரும் சார். ஆனா ஒண்ணு ஏன் கொறஞ்சிச்சுன்னு தெரியாண்டாமா? வண்டிய ஒரு மணி நேரம் நிப்பாட்டச் சொல்லுதியளா? எல்லாப் பெட்டியையும் ஒருக்கா பாத்திருதேன்.”

“வண்டிய நிறுத்தச் சொல்ல நான் யாருங்க? டெஸ்ட் பண்ணித்தான் குடுத்திருக்கறோம். எங்க மெஷின்ல சரியாத்தான் ஓடுது.”

“உங்க மெஷின்ல பெட்டி இல்லியே சார்.”

வைத்துவிட்டேன்.

நடந்தது இதுதான். வெற்று வரி நீங்கியதால் இரண்டாம் பெட்டியின் விவரம் ஒன்றாம் எண் ஸ்டிக்கரில் அச்சாகிவிட்டது. பூங்கொடி வழக்கம்போல முதல் ஸ்டிக்கரைக் கிழித்துப் போட்டார். மூன்றாம் பெட்டியின் விவரம் இரண்டாம் பெட்டியில் ஒட்டப்பட்டது, நான்காவதன் விவரம் மூன்றாவதில். எண்கள் சரியாக இருந்தன. உள்ளே இருந்தது வேறு. கடைசியில் ஒரு ஸ்டிக்கர் குறைந்தது. நான் சொன்னபடி கடைசி வரியை இரண்டாம் முறை அடித்ததும் அதுவும் சரியான எண்ணோடு வந்து, இருந்த ஒரே தடயத்தையும் மூடிவிட்டது. வண்டி துறைமுகத்துக்குப் போய்விட்டது.

போன் வந்தால் நேரத்தோடு எழுதிவைப்பவன் நான். அன்றைய நாட்குறிப்பில் இருப்பது: “தூறல். பழைய பஸ் நிலையத்தில் கூட்டம்.” அருள்மேரியின் போன் இல்லை.

5

அக்டோபர் 26 அன்று சரக்கை வாங்கிய வெளிநாட்டுக்காரர்களிடமிருந்து புகார் வந்தது. சின்ன அளவு என்று எழுதிய பெட்டியைத் திறந்தால் பெரிய அளவு. கடைக்குக் கடை இதே கதை. மறுநாள் காலை நான் பேக்கிங் பகுதியில் நின்றேன். தங்கவேல் அடங்காத கோபத்தில் இருந்தார். அருள்மேரி அடித்த பதிவை அப்படியே அச்செடுத்தேன். முதல் வரி வெற்று. கடைசி வரி இருமுறை.

“மொத வரிய நான்தான் விட்டேன்” என்றார் அருள்மேரி. “எல்லா லோடுக்கும் விடுவேன். இல்லன்னா லாபப் பெட்டிக்கு...”

“பாருங்க தம்பி, உட்டேன்னு அதே சொல்லுதுங்க” என்று தங்கவேல் என் பக்கம் திரும்பினார்.

“மொதலாளி, முழுசா கேளுங்க. சாருக்குத் தெரியும். நான் போன்ல...”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நிமிடம் எனக்கு முழு விஷயமும் தெரியாது. ஆனால் அவர் போன் செய்தது தெரியும். வண்டியை நிறுத்தச் சொன்னது தெரியும். சந்திரசேகர் காலையிலேயே சொல்லியனுப்பியிருந்தார்: “சாஃப்ட்வேர் தப்புன்னு ஒரு எழுத்து எழுதீறாதீங்க. நாளைக்கு ஊரு பூரா பேசுவாங்க.” நான் ரிப்போர்ட் புத்தகத்தைப் பிரித்துக் கார்பனைச் சரிசெய்து நான்கு வாக்கியங்களை எழுதினேன்.

“எழுதியாச்சா சார்?” என்று மட்டும் கேட்டார் அருள்மேரி.

நவம்பர் 1 தீபாவளி. கம்பெனி பத்து நாளுக்கு மேல் மூடியிருந்தது. தெற்கே போகும் பஸ்களில் எல்லோரோடும் அவரும் ஊருக்குப் போனார். 14ஆம் தேதி திரும்பி வந்தபோது வாசலில் அவருடைய வருகைக் கார்டு இல்லை என்று வாட்ச்மேன் சொன்னார். அனுபவச் சான்றாவது எழுதிக்கொடுங்கள், வேறு கம்பெனியில் கணினி வேலை தேடிக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கிறார். அது இல்லாவிட்டால் மறுபடி நூல் வெட்டத்தான் போக வேண்டும். தங்கவேல் என் வெள்ளைத் தாளை எடுத்துக் காட்டியிருக்கிறார். “நோட்டுல இப்படி எழுதியிருக்கறப்ப, நல்லா வேல செஞ்சுதுன்னு நான் எப்படீங்க எழுதறது?”

6

நவம்பர் 21, திங்கட்கிழமை. புதிய ஆர்டரின் முதல் லோடு. புதிதாக வந்த பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தேன். ஸ்டிக்கர் வர ஆரம்பித்ததும் பூங்கொடி முதல் ஸ்டிக்கரைச் சரக்கென்று கிழித்துப் போட்டார்.

“ஏனுங்க அதக் கிழிக்கறீங்க?”

“மொதல்ல வர்றது எப்பவும் வெறுசுதானுங்க. கிழிச்சுப் போட்டுட்டு ரெண்டாவதுல இருந்து ஒட்டுன்னு மேரியக்கா சொல்லியிருக்குதுங்க.”

“இதுல எழுத்து இருக்குதே!”

“இங்கிலீசு படிச்சிருந்தா நான் ஏனுங்க ஸ்டிக்கர் ஒட்டறேன்?”

லாபம் என்று எழுதிய பெட்டி எதிரில் இருந்தது. குங்குமம் இன்னும் காயவில்லை. அதை நான் நன்றாகப் பார்த்தது அன்றுதான். எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது.

நிரலைச் சரிசெய்யப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு வரிகளை அழித்தேன். வெற்று வரி மறுபடி வெற்று ஸ்டிக்கராக வந்தது. அன்று மாலையே சந்திரசேகரிடம் சொன்னேன். தப்பு நம்முடையது, ரிப்போர்ட்டைத் திருத்தி எழுதிக்கொடுக்க வேண்டும் என்றேன்.

“சரி பண்ணீட்டீங்கள்ல?”

“பண்ணீட்டேனுங்க. ஆனா அந்தப் புள்ள...”

“அப்பறம் எதுக்குங்க பேச்சு?” பிறகு மெதுவாகத்தான் கேட்டார்: “வெளிநாட்டு வேலைக்கு அனுபவச் சான்று வேணும்னு கேட்டீங்களே. என்ன தேதி போட்டுத் தரட்டுமுங்க?”

மிரட்டல் என்று சொல்ல முடியாத குரல். நான் தேதி சொன்னேன். 15.12.2005 தேதியிட்ட அந்தச் சான்றில் என் நேர்மையைப் பற்றியும் ஒரு வாக்கியம் இருக்கிறது. அதைக் காட்டித்தான் இந்த நாட்டில் வேலை வாங்கினேன். வீடும் மகளின் பள்ளிக்கூடமும் அதற்குப் பின்னால் வந்தவை. அருள்மேரிக்குக் கிடைக்காத காகிதம் எனக்குக் கிடைத்தது. அவருக்கு அது கிடைக்காமல் செய்தவனும் நானே.

7

காபிக் கோப்பை வந்த சில வாரங்களில் இன்னொன்று நடந்தது.

என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. நம் ஊரில் பலருக்கும் அப்படித்தான். 2006இல் இங்கே மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பித்தபோது, அந்தக் கட்டத்தை நிரப்பாமல் படிவம் நகரவில்லை. யோசித்து ஒரு புள்ளியை அடித்தேன். நகர்ந்தது. மூன்று வருடம் அந்தப் புள்ளிதான் எங்கள் மூன்று பேருக்கும் குடும்பப் பெயர்.

இந்த செப்டம்பரில் அந்த நிறுவனம் தன் கணினியைப் புதுப்பித்தது. தேவையற்ற குறிகளை நீக்கும் ஏதோ ஒரு நிரல் எங்கள் புள்ளியைத் துடைத்துவிட்டது. பெயர் இல்லாதவர்களின் கணக்கு முடக்கப்பட்டது. மகளைப் பல் மருத்துவரிடம் அழைத்துப்போனபோதுதான் தெரிந்தது. போன் செய்தேன். என் டச்சு மொழி அலுவலகத்துக்குப் போதும், சண்டைக்குப் போதாது. பாதியில் மகள் போனை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு எட்டு வயது. கடகடவென்று பேசிவிட்டு வைத்தாள்.

“என்ன சாமி சொன்னாங்க?”

“நீங்கதான் தப்பா ஃபில் பண்ணீங்களாம். சிஸ்டம்ல தப்பு இல்லையாம்.” பிறகு, “அப்பா, நீங்க அவங்கள நீ, நீன்னே பேசுனீங்க. அப்படிப் பேசக் கூடாது” என்றாள்.

நிற்பவருக்கும் நடப்பவருக்கும் ‘ங்க’ போட்டுப் பேசும் ஊரில் பிறந்தவனுக்கு, அந்நிய மொழியில் மரியாதைச் சொல் கோபத்தில் மறந்துபோயிருக்கிறது. மனைவி சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்த கோப்பையைக் காட்டினாள். “அதுல எழுதியிருக்கறது இதுதானே? நடுவுல இருக்கறது நீங்க.”

அவள் குறும்பாகத்தான் சொன்னாள். ஆனால் இப்படி ஒரு வாக்கியத்தை இவ்வளவு சுலபமாகச் சொல்லும் ஊரில் அவள் வளர்கிறாளே என்று எனக்குப் பொறுக்கவில்லை. கோப்பையைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். “உடையாததை ஏன் போடறீங்க?” என்றாள். அருள்மேரியின் கதையை முழுதாகச் சொன்னேன். பனியன் என்றால் அவளுக்கு விளக்க வேண்டியிருந்தது, லாபம் என்றாலும். கேட்டு முடித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்: “அந்த அக்காகிட்ட சாரி சொன்னீங்களா?”

8

2009 செப்டம்பர் 21, திங்கட்கிழமை, தங்கவேலுக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். 27.10.2005 தேதியிட்ட ரிப்போர்ட் தவறு. பிழை நிரலில், அதை எழுதியவன் நான். ஆபரேட்டர் செய்தது சரி. வண்டியை நிறுத்திச் சோதிக்க அவர் கேட்டார், நான் மறுத்தேன். கையெழுத்து, தேதி. அக்டோபர் 12 அன்று போன் செய்தேன்.

“ஏனுங்க தம்பி, சௌக்கியமுங்களா? அங்க குளுருங்களா?” என்று ஆரம்பித்தார். கடிதம் வந்ததா என்று கேட்டேன். பின்னால் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

“வந்துதுங்க. படிச்சேன்.” பிறகு குரல் உயர்ந்தது. “நாலு வருசம் கழிச்சு எழுதறீங்களே, அன்னைக்கு என்ர மூஞ்சியப் பாத்துச் சொல்லியிருந்தா என்னுங்க? நானா அந்தப் புள்ளயப் போகச் சொன்னேன்? உங்க நோட்டு சொல்லுச்சுங்க. படிச்சவிய எழுதிக் குடுத்தா நாங்க நம்பறமுங்க.”

அவரும் அந்தப் பெண்ணை முழுதாகப் பேசவிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ரிப்போர்ட்டோடு என் கடிதத்தைச் சேர்த்துவையுங்கள், அருள்மேரிக்கு அனுபவச் சான்று எழுதுங்கள் என்றேன்.

“எழுதறமுங்க. யாரு கையில குடுக்கறது? அதக் காணமல்லங்க.” பேக்கிங் பகுதிக்கு நடந்துபோய்ப் போனைப் பூங்கொடியிடம் கொடுத்தார்.

“நல்லாருக்கறீங்களா சார்? ஸ்டிக்கர் இன்னும் நாந்தானுங்க ஒட்டறேன்.”

“முதல் ஸ்டிக்கரக் கிழிச்சுப் போடறீங்களா?”

“ஆமாங்க. வெறுசான்னு இப்பப் பாத்துட்டுத்தானுங்க கிழிக்கறேன். கம்ப்யூட்டர்ல மூணு புள்ளைங்க மாறிப்போச்சுங்க. வர்ற புள்ளைக்கெல்லாம் நாந்தான் சொல்லிக்குடுப்பேன், மேரி வரிய உட்டுட்டு அடி கண்ணுன்னு.”

“என்ன வரிங்க?”

“மேரி வரிங்க. மொத வரி. இங்க அப்படித்தானுங்க சொல்றது.”

மேரி எங்கே என்று கேட்டேன். பூங்கொடிக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அக்காவோடு கொஞ்ச நாள் வேறு கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தது. பிறகு முதலிபாளையம் பக்கம் ஒரு கம்பெனியில் கணினி முன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததாக வேன் டிரைவர் ஒருவர் சொன்னது. பொட்டு இல்லாத நெற்றியை வைத்து அடையாளம் சொன்னாராம், பெயர் கேட்கவில்லையாம்.

இங்கே அக்டோபர் முடிகிறது. சான்று எழுதப்பட்டுத் தங்கவேலின் மேஜையில் இருக்கிறது என்று போனில் சொன்னார், நான் பார்க்கவில்லை. முதலிபாளையத்தில் பார்க்கப்பட்டவர் அருள்மேரிதானா என்பதும் இன்றுவரை உறுதியாகவில்லை. ஒரே ஒருவர் சொல்லி, இன்னொருவர் வழியாக என்னிடம் வந்த செய்தி. உறுதியாகாதது என்றே குறித்துவைக்கிறேன். ஒருமுறை சரிபார்க்காமல் அவரைப் பற்றி எழுதியவன் நான்.